ஈரக்கை ஆகாத மேசை

கரண்டியைக் குப்புறப் பிடித்து, அதன் முதுகின் மேல் நீல ஜெல்லை ஊற்றிக்கொண்டிருந்தன அந்தக் கைகள். நேராக ஊற்றினால் கேக்கில் குழி விழும், குமிழி கிளம்பும். கரண்டியின் முதுகில் விழுந்து வழிந்தால்தான் சத்தமில்லாமல் பரவும். நீலம் ஒரு மூலையிலிருந்து மெல்ல ஊர்ந்து, நான்கு பக்கமும் வெள்ளைச் சர்க்கரைச் சுவரைத் தொட்டு நின்றது. ஒரே ஒரு குமிழி மட்டும் நடுவில் மிதந்தது. ஊசி முனை அதைத் தேடிப் போய் உடைத்தது.

நீச்சல் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கான கேக். குளம் தயார். இனிக் கயிறு கட்ட வேண்டும், ஏணி வைக்க வேண்டும், குதிக்கும் பலகை நட வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம், கவிழ்த்த பெட்டியின் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். மெலிந்த உடம்பு. இடது கையில், டயாலிசிஸ் ஊசி ஏறும் இடத்தில் நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. கண் குளத்தை விட்டு அகலவில்லை.

"அக்கா, இதுல எத்தனை டம்ளர் இருக்கும்?"

"வாயை மூடு. இது தண்ணி இல்ல, ஜெல்."

"பாக்கத் தண்ணிதானே? குடிக்கத்தான் அளவு. பாக்கறதுக்கு அளவு இருக்குன்னு டாக்டர் சொல்லவே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. மேசைக்கு மேல் அலமாரியில், மாவு படாத உயரத்தில், அவளுடைய போன் இருந்தது. ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைக்கலாமா என்று முடிவு சொல்லும் மருத்துவமனைக் குழு இன்றுதான் கூடுகிறது. மதியத்துக்குள் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் ஆகிக்கொண்டிருந்தது.

பேக்கரியில் அவளை எல்லோரும் ரோஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சர்க்கரைப் பசையில் அவள் செய்யும் ரோஜாவின் இதழ் அவ்வளவு மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. சட்டி கழுவ வந்தவள், பூ செய்கிறவர் வராத ஒரு நாளில் மிச்சப் பசையை எடுத்து உருட்டிப் பார்த்தாள். உண்மையான ரோஜா ஒன்றை வாங்கி வந்து இதழ் இதழாகப் பிரித்து, எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். சரியாக வராததை உருட்டிப் போட்டுவிட்டு மறுபடி. இன்றைக்கும் அப்படித்தான். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத கோணலுக்காக ஒரு பூவையே நசுக்கிவிடுவாள்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு: ஈரக்கை ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் இதழ் கரைந்து கூழாகிவிடும். காலையில் வந்ததும் கையைக் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, ஐசிங் சர்க்கரையும் சோளமாவும் கட்டிய துணி முடிச்சை உள்ளங்கையில் தட்டிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு வேலை முடியும் வரை கை தண்ணீரைப் பார்க்கக் கூடாது. பிசுபிசுத்தால் ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடியும் தூள்.

நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. உடம்பு வருடத்துக்கு வருடம் ஏறியது. கேக்கைச் சமன் செய்ய மேல்புறத்தைச் சீவுவார்கள். அந்தச் சீவல்தான் பல நாள் அவளுடைய மதியச் சாப்பாடு. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர் ஒரு தடவை, "ரோஜாக்கா எந்திரிச்சாலும் ஸ்டூல் எந்திரிக்க மாட்டேங்குதே" என்றார். "அதுக்காவது என்னை விட மனசில்ல. உன்னை உன் அடுப்புகூட வெளியே தள்ளுது பாரு" என்று திருப்பிக் கொடுத்தாள். வாய்க்கு அவளிடம் கடன் வைக்க முடியாது.

தம்பி இதே பேக்கரியின் வேனை ஓட்டியவன். கேக் ஏற்றினால் வேகத்தடைமேல் வண்டி ஏறியது கேக்குக்கே தெரியாது என்று பெயர் எடுத்தவன். ஒரு நாள் கால் வீங்கியது, பிறகு முகம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. கேக்குக்குப் பால் அளக்கும் சிறிய கோப்பை ஒன்றை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் ஊற்றி, நாக்கை நனைத்து, வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்துவிட்டு விழுங்குவான்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருக்குழாயில் வாயை வைத்தால் எடுக்கமாட்டான். சட்டை, பை, புத்தகம் எல்லாம் நனையும். காதைப் பிடித்து இழுத்தால்தான் வருவான். அந்தக் காதை இழுத்திருக்க வேண்டாம் என்று இப்போது அவளுக்குத் தோன்றும். குடிக்கட்டும் என்று விட்டிருக்கலாம்.

சிறுநீரகம் கொடுக்க அவன் மனைவியின் ரத்த வகை சேரவில்லை. அக்காவின் ரத்தம் சேர்ந்தது. ஆனால் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதும்மா. இன்னும் வியாதி ஆகல. ஆனா இந்த உடம்போட இப்படியே விட்டா ஆகும். ஒரு கிட்னியைக் குடுத்துட்டீங்கன்னா மிச்சம் இருக்கறது ஒண்ணு. அதைச் சர்க்கரை தின்னுடக் கூடாது பாருங்க."

"நான் இனிப்பு சாப்பிடறதை விட்டுடறேன் டாக்டர்."

"விடுங்க. ஆனா அது மட்டும் போதாது. உங்க கணையம் சோம்பேறி இல்ல, ரெட்டை வேலை பாக்குது. ரத்தத்துல இன்சுலின் நிறையவே ஓடுது. சர்க்கரையை எடுத்துக்கன்னு அது சொல்றதைச் சதைதான் கேக்க மாட்டேங்குது."

"எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டுச் சொன்னார். "வேகமா நடங்க. நடக்கும்போது சதைக்கு அவசரம். இன்சுலின் வந்து சொல்லட்டும்னு காத்திருக்காம, தானே சர்க்கரையை இழுத்துக்கும். நடந்து முடிச்ச பிறகும் ஒரு நாளைக்காவது சொன்ன பேச்சைக் கேக்கும். அப்புறம் பழைய குணம் வந்துடும். அதனால ரெண்டு நாள் சேந்தாப்ல விட்டுடாதீங்க. எடை இறங்கலேன்னு கவலைப்படவும் வேண்டாம். அது இறங்கறதுக்கு முன்னாடியே உள்ளே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். மூணு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பாக்கலாம்."

வெளியே வரும்போது கூடவே வந்த நர்ஸ், தானம் செய்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவள், நடைக்கு ஒரு கணக்குச் சொன்னாள். "நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகம்."

"இவ பாடாம இருந்தாலே ஊருக்கு நல்லது" என்றான் தம்பி.

டாக்டர் சொன்னதை அவள் தன் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டாள். ஆறிப்போன கேக்கின் மேல் பாகு ஊற்றினால் இறங்காது. மேலேயே நிற்கும், ஓரமாக வழிந்து தட்டில் தேங்கும். இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று ஊற்றினாலும் தட்டுத்தான் நிறையும். அதே கேக் சூடாக இருந்தால் ஊற்றிய பாகு போன இடம் தெரியாது. தன் சதை ஆறிப்போய்விட்டது, அவ்வளவுதான். சூடாக்க வேண்டும்.

பஸ்ஸை விட்டாள். விடிந்ததும் கிளம்பிப் பேக்கரி வரை நடந்தாள். முதல் வாரம் தொடை உரசிப் புண்ணாகி, வாசற்படி ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரு துரத்தினாங்க ரோஜாக்கா?" என்று கேட்ட மாஸ்டருக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. அவளிடமிருந்து பதில் வராத முதல் நாள் அது. மாஸ்டரே பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தம்பி போனில் கூடவே வருவான்.

"பேசு. வேகம் சரியா இருக்கான்னு பாக்கணும்ல?"

"என்னத்தடா… பேசறது?"

"கண்ணுல படறதைச் சொல்லு."

அவள் மூச்சுக்கு நடுவில் சொல்வாள். கடை திறக்கிறான். பால் வண்டி போகுது. ஒரு அம்மா வாசல் செடிக்குத் தண்ணி விடறாங்க.

"ஹோஸ்லயா, வாளியிலயா?"

"ஹோஸ்."

"தண்ணி எப்படி விழுது?"

"எப்படி விழும்? கீழதான்."

"அய்யோ, சரியாச் சொல்லுக்கா."

அவள் நடையைக் குறைக்காமல் திரும்பிப் பார்த்துச் சொல்வாள். இலைமேல் விழுகிறது, இலை தாழ்கிறது, கொட்டிவிட்டு நிமிர்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "ம்ம், நட" என்பான். அந்தத் தெருவில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கடைக்காரர் வாசலில் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது. இவ்வளவு தண்ணீர் இந்த உலகத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு முன் அவள் கவனித்ததே இல்லை.

கால் பழகியது, மூச்சும் பழகியது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பது போயிற்று. ஆனால் அவளுக்குப் பொறுமை இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றால் அதுவரை எப்படி இருப்பது? யாரிடமும் சொல்லாமல், விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷின் ஒன்றை வாங்கினாள். காலையில் வந்து, கை கழுவித் துடைத்து, தூள் தட்டி, முதல் தட்டு இதழ்களை வைத்து முடிப்பாள். அவை காய்கிற நேரத்தில் மேசையை விட்டு விலகி ஜன்னலோரம் போய், விரலை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் குத்துவாள். பிறகு பிளாஸ்திரி ஒட்டி, அந்த விரலுக்கு உறை மாட்டிக்கொண்டு திரும்புவாள்.

இருநூறுக்கு மேல் காட்டியது. மறுநாளும் அப்படியே. இன்னொரு நாள் அதற்கும் மேலே போயிற்று.

நடக்க ஆரம்பிக்கும் முன் மருத்துவமனையில் பார்த்தது இதில் பாதி. நடந்தால் இறங்கும் என்றார்கள், தனக்கு மட்டும் ஏறுகிறது. அவள் வேலை முடிந்து வீட்டுக்கும் நடந்தே போனாள். சாப்பாட்டைக் குறைத்தாள். பூ செய்யும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எண் இறங்கவில்லை.

"இன்னைக்கு ஏன் பேச்சே வரல?" என்று போனில் தம்பி கேட்டான்.

"வேகமா நடக்கறேன்டா."

"சர்க்கரை இறங்கியிருக்கும்ல?"

"இறங்காம எங்க போகும்?"

மூன்று மாதம் நெருங்கியதும் நர்ஸைக் கூப்பிட்டு, ஆர்டர் நிறைய இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். பரிசோதனைக்குப் போனால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லாதவரை ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தை விட அவளுக்கு மனம் வரவில்லை.

டயாலிசிஸுக்குப் போன இடத்தில் நர்ஸ் இதைத் தம்பியிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவன் நேராகப் பேக்கரிக்கே வந்துவிட்டான். முகம் உப்பி, உதடு வெடித்திருந்தது. மாஸ்டர் வணக்கம் சொன்னதுகூட அவன் காதில் விழவில்லை.

"குடுக்க மனசில்லேன்னா நேராச் சொல்லிடுக்கா. ஆர்டர் இருக்கு, அது இருக்கு, இது இருக்குன்னு எதுக்கு?"

அவள் கையிலிருந்த இதழ் அப்படியே நின்றது.

"யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல. நானா கேட்டேன்? நீயா வந்தே, நீயா ஆசை காட்டினே…"

அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள். ஏப்ரனில் விரலைத் துடைத்து, அவன் கண்ணெதிரே குத்தி, மிஷினை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு. நல்லாப் பாரு. தினம் இதுதான். நாய் மாதிரி நடக்கறேன், பேய் மாதிரி பட்டினி கிடக்கறேன், இதுதான் வருது. மனசில்லாமலா?"

அவன் எண்ணைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, போய் மேசையோரம் உட்கார்ந்தான். தட்டில் பசை காய்ந்துகொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரும்ப வந்து இதழ் வைக்கத் தொடங்கினாள். அவன் ஓர் இதழை எடுக்கக் கை நீட்டினான்.

"தூள் தொட்டுக்க. வேர்த்த கையோட தொடாதே."

அழுகையிலும் சட்டம் சட்டம்தான். அவன் துணி முடிச்சை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு, சின்ன வயதில் திட்டு வாங்கியவனைப்போல, சொன்னபடி இதழ்களை வரிசையாக அடுக்கினான். கொஞ்ச நேரம் கழித்து மிஷினைப் பார்த்தான்.

"எனக்கும் ஒண்ணு குத்து."

"உனக்கு எதுக்கு?"

"உடம்புல குத்தாத இடம் பாக்கியில்ல. இது ஒண்ணு கூடினா என்ன? சும்மா குத்து."

அவனைச் சிரிக்க வைத்துவிடலாம் என்ற நினைப்பில் அவள் குத்தினாள். மிஷின் அவளுடையதைவிட அதிகமாகக் காட்டியது.

"அடப்பாவி" என்றாள். "உனக்கு எப்படா சர்க்கரை வந்துச்சு?"

"எனக்குச் சர்க்கரையே கிடையாது. நேத்துக்கூட டயாலிசிஸ்ல பாத்தாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் அவனுடைய விரலைப் பார்த்தார்கள். ரேகையெல்லாம் வெள்ளையாக, தூள் அப்பிய விரல். அவள் தன் விரலைப் பார்த்தாள். ஏப்ரனைப் பார்த்தாள். பல வருடத்து ஐசிங் சர்க்கரை துவைத்தும் போகாமல் விறைத்திருக்கும் ஏப்ரன்.

"ரத்தத்தையா பாத்தே நீ?" என்றான் தம்பி. "கேக்கைல்ல பாத்திருக்கே!"

அவன் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். நுரை போன பிறகும் குழாயை மூடவில்லை. இரண்டு கையையும் குழித்து ஏந்தினான். நிரம்பி வழிந்தது, மறுபடி ஏந்தினான். அவனே மூடிவிட்டுத் திரும்பி வந்தான். இந்தத் தடவை மிஷின் காட்டியது சாதாரண மனிதனின் எண்.

பிறகு அவள் எழுந்தாள். பாதி வேலையில், ரோஜா பாதியில் நிற்க, அந்த மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் துணியில் துடைத்து, விரலைக் குத்தினாள். எண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா" என்றான் தம்பி. "கண்ணைத் திற. இந்தப் பக்கம் வந்துட்டே. கோட்டுக்கு இந்தப் பக்கம்."

அன்று மாஸ்டர் வந்து பார்த்தபோது, இதழ்களெல்லாம் ஈரம்பட்டுக் கூழாகிக் கிடந்தன. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மிஷினை அதோடு மூட்டை கட்டினாள். ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காக நடந்து, மறு பரிசோதனைக்குப் போனாள். நரம்பில் எடுத்த ரத்தம் பொய் சொல்லவில்லை. சர்க்கரை இறங்கியிருந்தது, முன்பு நிறைய ஓடிய இன்சுலினும் நன்றாகவே இறங்கியிருந்தது. எடை மட்டும் பேருக்குத்தான் குறைந்திருந்தது. "சதை பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார் டாக்டர். ஆனால் முடிவு தன் ஒருவர் கையில் இல்லை, குழு எடையையும் பார்க்கும் என்றார்.

அந்தக் குழுதான் இன்று கூடியிருந்தது.

அவள் குளத்துக்குக் கயிறு கட்டினாள். கடுகளவு மணிகள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. இடுக்கியால் எடுத்து நீலத்தின் மேல் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். அழுத்தினால் மூழ்கும், அழுத்தாவிட்டால் உருளும். கடைசிக் கயிற்றின் பாதியில் போன் அடித்தது.

தூள் படிந்த கை. அவள் நகரவில்லை. தம்பி எட்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா இருக்காங்களா?" நர்ஸின் குரல்.

"இருக்கேன், சொல்லும்மா."

"குழு ஒத்துக்கிட்டாங்க அக்கா. தேதி நாளைக்குச் சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு. நடையை விட்டுட்டா எல்லாம் பழையபடி ஆயிடும். ஆபரேஷன் முடிஞ்சு நாங்க சரின்னு சொன்னதும் மறுபடி ஆரம்பிக்கணும். ஒத்தைக் கிட்னியோட இருக்கப் போறீங்க, இது வாழ்நாள் வேலை."

"நடக்கறேன்" என்றாள்.

தம்பி போனை வாயருகே கொண்டுபோனான். "சிஸ்டர்… எல்லாம் நல்லபடியா முடிஞ்சா, அதுக்கப்புறம் தண்ணி…"

"புதுக் கிட்னி நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சதும் நாங்களே குடி குடின்னு துரத்துவோம். குடிக்கலேன்னாதான் திட்டு விழும்."

போன் ஓய்ந்தது. அவன் அதை அலமாரியில் திருப்பி வைத்தான். வைத்த கையை எடுக்காமல், சுவரைப் பார்த்தபடி நின்றான். தோள் மட்டும் அசைந்தது. எழுந்து போய்த் தொட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இடுக்கியில் ஒரு வெள்ளை மணி இருந்தது. அதை வைத்தாள். அடுத்தது சிவப்பு.

கேக்கை வாங்கிப்போக நீச்சல் பள்ளிக்காரர் வந்தபோது ஏணி, பலகை எல்லாம் முடிந்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "நிஜத் தண்ணி மாதிரியே இருக்கே! குதிச்சிடலாம் போல."

"எனக்கு அடுத்தாப்ல நீங்க" என்றான் தம்பி.

அவள் கேக் பெட்டியின் பக்கங்களை நிமிர்த்திச் சொருகினாள். மேல் மூடியைக் கடைசி வரை திறந்தே வைத்து, தம்பி ஒரு தடவை எட்டிப் பார்க்கும் வரை காத்திருந்து, பிறகு மூடினாள். அடியில் கை கொடுத்துத் தூக்கி, மேசைக்கு அப்பால் நீட்டினாள்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க சார். சாயக் கூடாது. மெதுவா."

அவர் வாங்கிக்கொண்டார்.